சிசிலி பதிவேட்டுல அம்மா பேரே இல்ல, "கல்யாணமாகாத பெண்"னு மட்டும் இருக்கு. என்ன அர்த்தம்?

கேள்வி, ஒரு வாசகி, 11 ஜனவரி 2025

என் வீட்டுக்காரர் டொரான்டோவுல பிறந்தவர், அவங்க அம்மா வழி இத்தாலியோட சிசிலி தீவு. மாமியாரோட தாத்தா பிறப்புப் பதிவை ஒருவழியா தேடிப் பிடிச்சேன், 1884. அப்பா பேரு, வயசு, தொழில் எல்லாம் இருக்கு. அம்மா பேர் வர வேண்டிய இடத்துல கல்யாணமாகாத ஒரு பெண்ணுன்னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க. அப்படின்னா அவர் முறைதவறிப் பிறந்தவரா? மாமியாருக்கு 80 வயசு, தினம் சர்ச்சுக்குப் போறவங்க. சொல்றதா வேண்டாமா?

11 ஜனவரி, ராத்திரி

மாமியார்கிட்ட இப்போதைக்கு வாயே திறக்காதீங்க. அவங்க கொள்ளுப்பாட்டி ஊரறிய சர்ச்சுல கல்யாணம் பண்ணினவங்களா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். 1884ன்னு பார்த்ததுமே எனக்கு அதான் தோணுச்சு. நாளைக்கு விளக்கமா எழுதறேன்.

12 ஜனவரி

அப்போ சிசிலியையும் நேப்பிள்ஸையும் ஆண்ட போர்பன் ராஜாக்கள் கொண்டுவந்த பதிவு முறை சிசிலியில 1820லேர்ந்து 1865 வரைக்கும் ஓடுச்சு. அதுல ஜோடி முதல்ல டவுன் ஹாலுக்குப் போய் நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு வாக்கு கொடுக்கும், அப்புறம் சர்ச்சு, பாதிரியார் இன்ன தேதியில முடிச்சு வச்சேன்னு எழுதி சீட்டைத் திருப்பி அனுப்புவார். ஃபார்ம்லயே ரெண்டு பத்தி, இடது பக்கம் வாக்கு, வலது பக்கம் சர்ச்சுல நடந்த தேதி. அதாவது அரசாங்கமும் சர்ச்சும் ஒரே காகிதத்துல.

இத்தாலி ஒண்ணா சேர்ந்தப்புறம் புது சிவில் சட்டம் 1866 ஜனவரி 1லேர்ந்து அமலுக்கு வருது. இனிமே டவுன் ஹால்ல மேயர் முன்னாடி பண்றது மட்டும்தான் கல்யாணம்னு அரசாங்கம் சொல்லுது. அதெல்லாம் கல்யாணமே இல்ல, நம்ம முன்னாடி பண்றதுதான் கல்யாணம்னு சர்ச்சு சொல்லுது. 1870ல ரோமை போப் கையிலேர்ந்து பிடுங்கினப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நடுவுல மாட்டினது வயல்லயும் சுரங்கத்துலயும் வேலை பார்க்கற சனங்க. அவங்க வழக்கம்போல சர்ச்சுக்குப் போனாங்க, மோதிரம் மாட்டினாங்க, விருந்து சாப்பிட்டாங்க, வீட்டுக்குப் போயிட்டாங்க. டவுன் ஹால் பக்கம் எட்டிக்கூட பார்க்கல. அரசாங்க கணக்குல அந்தப் பொண்ணு இன்னும் கல்யாணமாகாதவ.

குழந்தை பிறந்ததும் அப்பா பதியப் போறார். என் பிள்ளைதான்னு அவர் ஒத்துக்கலாம், ஆனா அம்மா நேர்ல வந்தோ, யாருக்காவது அதிகாரம் எழுதிக் கொடுத்தோ ஒத்துக்காத வரைக்கும் அவங்க பேரை கிளார்க் எழுதக் கூடாது. அதனால ஒரு அச்சடிச்ச வாசகம்: எனக்கும், கல்யாணமாகாத, எனக்குத் தடை செய்யப்பட்ட முறையில சொந்தமில்லாத ஒரு பெண்ணுக்கும் பிறந்ததுன்னு. அதே வாசகம்தான் உங்க பதிவுலயும் இருக்கும், பாருங்க.

நம்ம அப்பா அம்மா கல்யாணத்தை எந்த ஆபீஸ்ல போய் பதிஞ்சாங்க? பாஸ்போர்ட்டுக்குக் கேட்டப்பதானே ஓடினாங்க. அதே கதை.

12 ஜனவரி, சாயங்காலம்

எப்படி நிச்சயம் பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. மூணு இடம் இருக்கு, நான் பார்க்கற வரிசையில சொல்றேன். முதல்ல அந்தப் பிறப்புப் பதிவோட ஓரத்தைப் பாருங்க, பொடி எழுத்துல பின்னாடி யாராவது எதையாவது சேர்த்திருக்காங்களான்னு. நிறைய ஜோடி பத்து வருஷம் கழிச்சு நாலஞ்சு பிள்ளையோட டவுன் ஹாலுக்குப் போய் சிவில் கல்யாணம் பண்ணுவாங்க, அப்போ பிள்ளைங்க சட்டப்படி முறையானவங்க ஆயிடுவாங்க, அது ஓரத்துல ஏறும். அடுத்தது அந்த ஊரோட கல்யாணப் பதிவேடு. 1884லேர்ந்து முன்னோக்கிப் போகணும், பின்னோக்கி இல்ல! எல்லாரும் குழந்தை பிறந்த வருஷத்துக்கு முன்னாடியே தேடிட்டு இல்லன்னு விட்டுடறாங்க. பத்து வருஷத்துக்கு ஒரு தொகுப்பு அட்டவணை இருக்கும், அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. கடைசியா கோயில் பதிவேடு, அதாவது சர்ச்சுல எழுதி வச்சது, அதுக்கு யாராவது நேர்ல போகணும்.

சிவில் கல்யாணத்தை ஏன் அவ்ளோ தள்ளிப் போட்டாங்கன்னா சோம்பேறித்தனம், செலவு, பாதிரியார் பேச்சு எல்லாம் சேர்ந்துதான். விதவைன்னா இன்னொரு காரணமும் உண்டு: சட்டப்படி மறுமணம் பண்ணினா புருஷன் பென்ஷன் போயிடும், சர்ச்சுல மட்டும் பண்ணினா அரசாங்கத்துக்குத் தெரியாது. 1929ல முசோலினி அரசும் போப்பும் ஒப்பந்தம் போட்டு சர்ச்சு கல்யாணமும் செல்லும்னு ஆக்கினப்புறம்தான் இந்தக் கூத்து அடங்குச்சு.

13 ஜனவரி

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சா எல்லாருமே சர்ச்சுல கல்யாணம் பண்ணினவங்கன்னு நான் சொல்ற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. சும்மாவே சேர்ந்து வாழ்ந்தவங்களும் உண்டு, பழைய பொண்டாட்டி உயிரோட வேற ஊர்ல இருக்கறவரும் உண்டு. ஆதாரம் கிடைக்கற வரைக்கும் ரெண்டு பக்கமும் முடிவு கட்டாதீங்க. ஆனா 1870, 80கள்ல ஏதாவது ஒரு சிசிலி ஊர் பதிவேட்டை வரிசையா புரட்டுங்க, அதே வாசகம் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஊரே முறைதவறிப் பிறந்ததா என்ன?

15 ஜனவரி

ஒருத்தர் கேட்டது: எங்க பார்க்கறது, காசு கட்டணுமா? அந்தேனாத்தின்னு இத்தாலி அரசு ஆவணக் காப்பகங்களோட போர்ட்டல், 2011லேர்ந்து இருக்கு, இலவசம். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ரெண்டு பிரதி எழுதுவாங்க. ஒண்ணு ஊர் ஆபீஸ்ல, அதாவது கொமூனேல, தங்கும். இன்னொண்ணு கோர்ட்டுக்குப் போய் பல வருஷம் கழிச்சு மாகாணக் காப்பகத்துக்கு வரும். ஸ்கேன் பண்ணி ஏத்தினது பெரும்பாலும் அந்த ரெண்டாவது பிரதி. ஃபேமிலிசர்ச்ங்கற வம்சாவளி இணையதளத்துலயும் அதே படங்கள் நிறைய இருக்கு, சிலதை அவங்க மையத்துக்குப் போய்தான் பார்க்க முடியும்.

எந்த வருஷத்துலேர்ந்து கிடைக்கும்ங்கறது ஊரைப் பொறுத்தது. நேப்பிள்ஸ் பக்கத்து நிலப்பரப்புல 1809லேர்ந்து, சிசிலியில 1820லேர்ந்து. வடக்கே நெப்போலியன் காலத்துல கொஞ்ச வருஷம் எழுதி நிறுத்திட்டாங்க, அப்புறம் 1866தான், வெனிஸ் பக்கம் 1871. வடக்கு ஆளுங்க நடுவுல இருக்கற காலத்துக்கு கோயிலைத்தான் நம்பணும். த்ரென்தோ பக்கமா இருந்தா கவலையே வேண்டாம், 1815லேர்ந்து 1923 வரைக்கும் பிறந்தவங்களோட ஞானஸ்நானப் பதிவை மாகாணமே பேர் போட்டுத் தேடற மாதிரி வச்சிருக்கு. சிசிலிக்காரங்க நாம ஒவ்வொரு பக்கமா புரட்ட வேண்டியதுதான்.

19 ஜனவரி

என் கதை கேட்டீங்களே. என் மனைவி நியூஜெர்சிக்காரி, அவ தாத்தாவோட அப்பா வந்தது காஸ்த்ரோஜொவான்னியிலேர்ந்துன்னு கப்பல் பட்டியல்ல இருக்கு. வரைபடத்துல அப்படி ஒரு ஊரே கிடையாது. 1927ல பேரை "என்னா" (Enna)ன்னு மாத்திட்டாங்க. எங்க அம்மாவுக்கு போன்ல இதைச் சொல்லி நான் பட்ட பாடு. "அவங்க ஊர் பேர் என்னடா?" "என்னாம்மா." "அதான்டா கேக்கறேன்!"

இந்தப் பேர் மாத்தற வியாதி முசோலினி காலத்துல நிறைய நடந்திருக்கு. ஜிர்ஜெந்தி அக்ரிஜெந்தோ ஆச்சு, தெர்ரநோவா ஜேலா ஆச்சு, கலாப்ரியாவுல மொந்தெலெயோனே விபோ வலெந்தியா ஆச்சு. மாகாணமும் மாறும். காஸ்த்ரோஜொவான்னி அப்போ கால்தனிசெத்தா மாகாணம், என்னா மாகாணமே 1927ல பிறந்தது. அதே மாதிரி மத்தேராவும் அதுக்கு முன்னாடி பொதென்சா மாகாணத்துல இருந்தது. அதனால பழைய காகிதத்துல இருக்கற மாகாணத்தை அப்படியே போட்டுத் தேடினா ஒண்ணும் வராம போகலாம்.

20 ஜனவரி

நியூயார்க்குல கப்பல்ல வந்து இறங்கினவங்களைச் சோதிச்ச எல்லிஸ் தீவுல ஆபீசர் பேரை மாத்திட்டான்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இந்தக் கதை ஒவ்வொரு இத்தாலிய-அமெரிக்க வீட்டுலயும் இருக்கு, என் மாமனாரும் சொல்வார். அங்க யாரும் பேர் எழுதல சார், பட்டியல் கப்பல் ஏறின துறைமுகத்துல கம்பெனிக்காரன் எழுதினது, தீவுல இருந்தவங்க அதை வச்சு சரிபார்த்தாங்க, அவ்ளோதான். பேரை மாத்தினது பின்னாடி பள்ளிக்கூடம், வேலை செஞ்ச இடம், நிறைய நேரம் அவங்களேதான்.

அந்தப் பட்டியல்ல இன்னொரு விஷயம். இத்தாலியப் பொண்ணுங்க சாகற வரைக்கும் அப்பா வீட்டுப் பேர்லயே இருப்பாங்க, கப்பல்லயும் அப்படித்தான். அம்மா ஒரு பேர்ல, பிள்ளைங்க அப்பா பேர்ல. புருஷன் பேரைப் போட்டு பாட்டியைத் தேடினா கிடைக்கவே மாட்டாங்க. நம்மள மாதிரி தேடறவங்களுக்கு இது பெரிய வரம், இறப்புப் பதிவுலகூட பிறந்த வீட்டுப் பேர் இருக்கும்.

2 பிப்ரவரி

வாசகி எழுதியிருக்காங்க: கிடைச்சிடுச்சு! 1893ல சிவில் கல்யாணம், மூணு பிள்ளைங்களோட பேர் வரிசையா, 1884 பையன் உட்பட. அம்மா பேரும் கிடைச்சாச்சு. சந்தோஷம்மா. சர்ச்சு கல்யாணத் தேதியும் வேணும்னா அந்த ஊர் பங்குக் கோயிலுக்கு ஒரு மரியாதையான கடிதம், இத்தாலிய மொழியில, சின்ன காணிக்கையோட. மாமியார்கிட்ட எப்படிச் சொன்னீங்கன்னு அப்புறம் எழுதுங்க.

9 பிப்ரவரி

கல்யாணப் பதிவு கிடைச்சவங்க அதோட நிறுத்திடாதீங்க. 1865க்கு முந்தின கல்யாணம்னா கூடவே அல்லெகாத்தின்னு ஒரு இணைப்புக் கட்டு இருக்கும், மாப்பிள்ளை பொண்ணு சமர்ப்பிச்ச காகிதமெல்லாம் அதுக்குள்ள. ரெண்டு பேரோட ஞானஸ்நானச் சான்று, செத்துப்போன அப்பா அம்மா இறப்புச் சான்று. சம்மதம் கொடுக்க அப்பா இல்லன்னா தாத்தா கொடுக்கணும், தாத்தாவும் இல்லன்னா அவர் செத்ததுக்குச் சான்று. 1825ல ஒரு கல்யாணம் நடந்து மாப்பிள்ளைக்கு அப்பா தாத்தா ரெண்டு பேருமே இல்லன்னா, ஒரே கட்டுல 1700கள்ல பிறந்த ஆள் வரைக்கும் போயிடலாம். யார் செத்தாங்கன்னு நாம சந்தோஷப்படற ஒரே இடம் இது. எல்லா ஊரோட கட்டும் போர்ட்டல்ல ஏறல, ஏறியிருந்தா அதிர்ஷ்டம்.

படிக்கறப்போ ஒரு சின்ன கவனிப்பு. அப்பா பேருக்கு முன்னாடி "தி" இருந்தா அவர் அன்னைக்கு உயிரோட இருக்கார், "ஃபூ" இருந்தா செத்துட்டார். எழுதற கிளார்க் சில நேரம் தூங்கிடுவார், ஆனாலும் இறப்புப் பதிவை எந்த வருஷத்துக்குள்ள தேடணும்னு இதை வச்சு சுருக்கிடலாம்.

10 பிப்ரவரி

"ஜுசெப்பே, அப்பா பேர் சால்வத்தோரே, ஒரே ஊர்ல நாலு பேர், எது நம்ம ஆள்?" சார், மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேர், ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேர். தாத்தா ஜுசெப்பேவுக்கு அஞ்சு பையன் இருந்தா ஊர்ல அஞ்சு பேரன் ஜுசெப்பே. அதோட ஒரு குழந்தை செத்தா அடுத்துப் பிறக்கறதுக்கு அதே பேர். பிறப்பு கிடைச்சதும் குதிக்காதீங்க, அடுத்த அஞ்சாறு வருஷத்து இறப்பு அட்டவணையைப் பாருங்க, உங்க ஜுசெப்பே ரெண்டு வயசுல செத்திருக்கலாம், கப்பல் ஏறினது அவன் தம்பி ஜுசெப்பேவா இருக்கலாம். அம்மா பேரை வச்சுத்தான் பிரிக்கணும்.

23 பிப்ரவரி

இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பதிவு இருக்கு, ராணுவத்துக்கு ஆள் எடுக்கற பட்டியல், லிஸ்தே தி லேவா. ஒரு வருஷம் பிறந்த எல்லாப் பசங்களும் அதுல இருப்பாங்க, ராணுவத்துக்குப் போனாலும் போகாட்டியும். மாகாணக் காப்பகத்துல கேட்டா பல இடத்துல மெயில்லயே படம் அனுப்பறாங்க. என் மனைவியோட கொள்ளுத்தாத்தா பக்கம் வந்தப்போ அன்னைக்கு வேலையே ஓடல. உயரம், தலைமுடி நிறம், கண், பல்லு எப்படி, எழுதப் படிக்கத் தெரியுமா, தொழில். தொழில் கந்தகச் சுரங்கம். உயரம் பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்னா, கால்தனிசெத்தா, அக்ரிஜெந்தோ பக்கம் பூரா கந்தகச் சுரங்கம், ஏழெட்டு வயசுப் பசங்களை விட்டு தாது சுமந்து மேல கொண்டு வர வைப்பாங்க. கருஸின்னு பேரு. குனிஞ்சு சுமந்து சுமந்து வளரவே இல்ல. அந்த ஊர்கள்ல ராணுவம் நிராகரிச்ச பசங்க எண்ணிக்கை ஏன் அவ்ளோன்னு அந்தக் காலத்துலயே அரசாங்கம் விசாரணை வச்சிருக்கு. எங்க வீட்டுல அவர் குள்ளமா இருக்கறதை வச்சு கல்யாண போட்டோவைக் காட்டி எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிச்சிருக்கேன். மனைவி அந்த ஸ்கேனை அவங்க அப்பாவுக்கு அனுப்பினா, அவர் பதிலே போடல, மறுநாள் போன் பண்ணி சுரங்கத்தைப் பத்தி மட்டும் ஒரு மணி நேரம் கேட்டார்.

அதே பட்டியல்ல சில பேருக்கு எதிர்ல "வராதவன்"னு போட்டிருப்பாங்க, ராணுவத்துக்கு டிமிக்கி கொடுத்தவன்னு கணக்கு. பயந்து ஓடினவன்னு நினைக்காதீங்க, பாதி பேர் அப்போ அமெரிக்காவுல செங்கல் சுமந்துக்கிட்டு இருந்திருப்பாங்க. எந்த வயசுக்குள்ள ஊரை விட்டான்னு தெரிஞ்சுக்க இதுவே ஒரு தடயம்.

8 மார்ச்

கோயில் பதிவேட்டுக்கு யார் போறதுன்னு கேட்டவருக்கு. எனக்கு அதிர்ஷ்டம், சிசிலித் தலைநகர் பலேர்மோவுல நம்ம இலங்கைத் தமிழர் நிறைய பேர் ரொம்ப காலமா இருக்காங்க, அந்த ஊரோட காவல் புனிதை சாந்தா ரோசாலியா மலைக்கு ஏறிப் போறவங்கள்ல அவங்க கூட்டமும் உண்டு. நண்பர் மூலமா ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கிடைச்சாங்க, லீவு நாள்ல பஸ் பிடிச்சுப் போய் பூசை முடியற வரைக்கும் உட்கார்ந்திருந்து பாதிரியார்கிட்ட பேசி பதிவேட்டை எடுக்க வச்சாங்க. அப்புறம் போன்: "தம்பி, இதில காயேதானுஸ் எண்டு கிடக்கு, உங்கட கயேத்தானோ தான், எல்லாரையும் லத்தீனில எழுதி வச்சிருக்கினம். தாள் முழுக்கப் பூச்சி அரிச்சுப் போச்சு, போட்டோ எடுக்க விடுறார் இல்லை, நான் பார்த்து எழுதிக்கொண்டு வாறன்." எழுதியும் அனுப்பினாங்க, நாலு தலைமுறை, குண்டு குண்டா அழகான கையெழுத்துல. பணம் கொடுத்து அமர்த்தின ஆய்வாளர் ஒருத்தர் அதுக்கு முன்னாடி என்கிட்ட முன்பணம் வாங்கிட்டு மாசக்கணக்குல ஒண்ணுமே அனுப்பாதவர், பேர் வேண்டாம்.

கோயில் பதிவு பொதுவா 1563ல கத்தோலிக்கச் சபையோட த்ரென்தோ பேரவை ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதி வைக்கணும்னு சொன்னப்புறம். இறப்பும், வீடு வீடா யார் யார் இருக்காங்கன்னு எழுதற ஆன்மாக் கணக்கும் 1614ல சபை போட்ட விதிகளுக்கு அப்புறம். ஆனா அந்த ஊர் கோயில்ல எலி எதை விட்டு வச்சதோ அதுதான் கிடைக்கும். அதுக்கும் மேல போகணும்னா சிசிலியில ரிவேலின்னு வரிக்கணக்கு இருக்கு, 16ம் நூற்றாண்டுலேர்ந்து. வீட்டுத் தலைவன், ஆட்கள், கோவேறு கழுதை, திராட்சைத் தோட்டம், கடன் பாக்கி வரைக்கும். பலேர்மோ காப்பகத்துல உட்கார்ந்து பார்க்கணும், நான் இன்னும் போகல.

29 மார்ச்

பாஸ்போர்ட் கேள்வி வரும்னு தெரியும், வந்துடுச்சு. நேத்து, 28ம் தேதி, இத்தாலி அரசு அவசரச் சட்டம் போட்டிருக்கு. இதுவரைக்கும் எத்தனை தலைமுறை தாண்டியிருந்தாலும் சங்கிலி அறுபடாம நிரூபிச்சா குடியுரிமை கேட்கலாம். இனிமே பொதுவா அப்பா அம்மா, இல்லன்னா தாத்தா பாட்டி, அதுவும் நிபந்தனையோட. 27ம் தேதி ராத்திரிக்குள்ள விண்ணப்பம் போட்டவங்களுக்கு பழைய விதி. வாசகியோட பசங்களுக்கு இது அடைபட்ட கதவுதான்னு நினைக்கிறேன், வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

எனக்கு இதுல கோபமும் இருக்கு, நிம்மதியும் இருக்கு. சின்ன ஊர் கொமூனேல ஒரே ஒரு கிளார்க், அவர் மேசையில அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்கான்னு வக்கீல் ஆபீஸ் கடிதம் மலையா குவிஞ்சிருந்தது. பாட்டியோட பாட்டி யாருன்னு தெரிஞ்சுக்க எழுதற நம்ம மெயில் அதுக்கு அடியில. ஆனா 40 வயசுக்கு மேல பாஸ்போர்ட்டுக்காக ஆரம்பிச்சு, பாதியில பாஸ்போர்ட்டை மறந்துட்டு தாத்தா பின்னாடியே போனவங்களைத்தான் நான் இந்த வேலையில அதிகம் பார்த்திருக்கேன். அவங்க இனிமே ஆரம்பிக்கவே மாட்டாங்களோ என்னவோ.

6 ஏப்ரல்

பதிவே இல்லாத ஊர் பத்தி. சிசிலியில மெஸ்ஸினா ஊர்க்காரர் ஒருத்தர் எழுதியிருக்கார். 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்துல ஊரோட சேர்ந்து காகிதமும் போச்சு. ஆனா ரெண்டு பிரதின்னு சொன்னேனே, சுத்து வட்டார கிராமங்கள்ல எதாவது ஒண்ணு தப்பிச்சிருக்கலாம், கல்யாணம் வேற ஊர்ல நடந்திருந்தா அங்க இணைப்புக் கட்டுல சான்று இருக்கலாம். நேப்பிள்ஸ் காப்பகத்தை ஜெர்மன்காரன் எரிச்சுட்டான், அதனால ஒண்ணும் கிடைக்காதுன்னு இன்னொருத்தர். 1943 செப்டம்பர் 30ல எரிஞ்சது பத்திரமா இருக்கட்டும்னு ஊருக்கு வெளிய ஒரு மாளிகைக்கு மாத்தி வச்ச பழைய அரச ஆவணங்கள், அது பெரிய இழப்பு, ஆனா உங்க தாத்தா பிறப்புப் பதிவு அதுல இல்ல. தேடுங்க.

25 மே

அவசரச் சட்டம் 23ம் தேதி முழுச் சட்டமாயிடுச்சு, சில மாற்றத்தோட. அதை விட நமக்கு முக்கியம்: 2025 பட்ஜெட் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேல பழைய, வேற ஆளோட பதிவுக்குச் சான்று கேட்டா கொமூனே ஒரு காகிதத்துக்கு 300 யூரோ வரைக்கும் கேட்கலாம். எல்லா ஊரும் கேட்கறதில்ல. சான்று வேணாம், தகவல் போதும்னா போர்ட்டல் படமே போதும், அதுக்குக் காசு கிடையாது. மெயில் போடறதுக்கு முன்னாடி அந்த ஊர் இணையதளத்துல கட்டணம் போட்டிருக்காங்களான்னு பாருங்க.

22 ஜூன்

அப்பா பேரும் இல்ல, அம்மா பேரும் இல்லன்னு ஒரு பதிவு போட்டிருக்கார் ஒருத்தர், 1851. இது வாசகி கேட்டதுலேர்ந்து வேற. பதிய வந்தது அப்பா இல்ல, கைவிட்ட குழந்தைகளை வாங்கி வைக்கற பெண்மணி. சக்கரம்னு சொல்வாங்க, சுவர்ல சுழல்ற மரப்பெட்டி, வெளிய வச்சு மணி அடிச்சுட்டுப் போயிடலாம். நேப்பிள்ஸ்ல அனுன்சியாத்தாங்கற அநாதைக் குழந்தைகள் விடுதியில இருந்த சக்கரத்தை 1875ல மூடினாங்க. உங்க பதிவை ஜூம் பண்ணிப் பார்த்தேன்: ராத்திரி, சக்கரத்துல, ஒரு பழைய சட்டை, ரெண்டு துணி, தலையில ஒரு குல்லா. துணியை ஏன் எழுதறாங்கன்னா, பின்னாடி யாராவது திரும்பக் கேட்டு வந்தா அடையாளத்துக்கு. வந்து கேட்டவங்களும் உண்டு, அதனால இறப்பு, கல்யாணப் பதிவுகளையும் பாருங்க, சில நேரம் கல்யாணத்துல அம்மா பேர் திடீர்னு முளைக்கும். குழந்தைக்கு வச்ச குடும்பப் பேர் கிளார்க்கோ அந்த விடுதியோ கற்பனையா வச்சது, அதே பேர்ல ஊர்ல இருக்கற மத்தவங்க சொந்தம்னு நினைச்சு மரம் வரையாதீங்க. குழந்தையைப் பால் கொடுக்க எந்த வீட்டுக்கு அனுப்பினாங்கன்னு விடுதிக் கணக்குல இருக்க வாய்ப்பு உண்டு, நகராட்சிக் காப்பகத்துல கேளுங்க. மெயிலை இந்த வாரமே போடுங்க, ஆகஸ்ட் வந்தா யாரும் இருக்க மாட்டாங்க.